கார் இன்ஷூரன்ஸ்: சட்டத்துக்குப் போதும், குடும்பத்துக்குப் போதுமா?

"அண்ணாச்சி, போலீஸ் பிடிச்சா காட்டுறதுக்கு ஒரு பேப்பர் வேணும். ஆகக் குறைஞ்சது எவ்வளவு கட்டினாப் போதும்?"

பொது இன்ஷூரன்ஸ் துறையில் முப்பது வருடத்துக்கு மேல், அதிலும் பெரும்பகுதி மோட்டார் க்ளெய்ம் பிரிவில், இந்த மும்பையிலேயே குப்பை கொட்டியவன் நான். சங்கத்து விழாக்களில் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் வருவதற்கு முன்னால் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் மேல் குற்றம் இல்லை. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக் கடன், ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மிச்சத்தில்தான் கார் ஓடுகிறது. ஏஜெண்டும் "சட்டப்படி இது போதும் ஸார்" என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் சொல்வது பொய்யும் அல்ல. சட்டத்துக்கு அது போதும். அந்தச் சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இந்தியாவில் 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாய இன்ஷூரன்ஸைக் கொண்டுவந்தது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1-ஆம் தேதி. இப்போது இருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 146-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: நம் வண்டி மோதித் தெருவில் போகிற ஒருவருக்கு உயிரோ உறுப்போ போனால், வண்டிக்காரர் ஏழையாக இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கிடைக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கிற நாம் முதல் நபர், கம்பெனி இரண்டாம் நபர், நம்மால் அடிபடுகிற வெளியாள் மூன்றாம் நபர். அதனால்தான் 'தர்ட் பார்ட்டி' என்று பெயர். அது இல்லாமல் ஓட்டினால், 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

இந்தக் குறைந்தபட்சப் பாலிசியைக் கேவலமாக நினைத்துவிடக் கூடாது. 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப் பட்டியலின்படி 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு வருடத்துக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897, வரி தனி. இந்தச் சொற்பக் காசுக்குக் கம்பெனி ஏற்கும் பொறுப்புக்கு, உயிர்ச்சேதம், உடல் காயம் என்ற வகையில், உச்சவரம்பே கிடையாது.

எவ்வளவு பெரிய தொகை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிரந்தர வேலையில் மாதம் 40,000 சம்பளம் வாங்குகிற, 35 வயதுள்ள ஒருவர் இறந்துபோகிறார். மனைவி, ஒரு குழந்தை, தாயார் என்று மூன்று பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். வருட வருமானம் 4,80,000. உச்ச நீதிமன்றம் 2009, 2017 தீர்ப்புகளில் வகுத்துக் கொடுத்த முறைப்படி, எதிர்காலச் சம்பள உயர்வுக்காகப் பாதியைச் சேர்த்தால் 7,20,000. அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் மீண்டும் 4,80,000. அந்த வயதுக்குப் பெருக்கெண் 16. ஆக 76,80,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச் செலவு போன்ற சில்லறைத் தலைப்புகள், மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி. (வருமான வரி கழிப்பதையெல்லாம் விட்டுவிட்டு எளிமையாகச் சொல்கிறேன்.)

சாதாரணச் சம்பளக்காரர் ஒருவருக்கே முக்கால் கோடி. சாலையில் நடந்து போன அந்நியருக்கு இது நேர்ந்தால் கம்பெனி கட்டிவிடும். நம் வீடு பிழைத்தது. அதே மனிதர் நம் காருக்குள், பின்சீட்டில் உட்கார்ந்திருந்தால்?

வண்டிக்குள் இருப்பவர் யார்?

வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கார் என்பது ஆபீஸ் போகிற வண்டி மட்டும் அல்ல. மே மாத லீவு விட்டதும் விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டுச்சோற்றுடன் கிளம்புகிறோம். புனே, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, சித்ரதுர்கா, பெங்களூர், ஓசூர், சேலம், மதுரை என்று திருநெல்வேலி போய்ச் சேர 1,500 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று மச்சானும் ஏறிக்கொள்வார், மாமியார் முன்சீட்டில், மதினியின் பிள்ளைகள் மடியில். வருடம் முழுவதும் நகரத்துக்குள் ஊர்கிற வண்டி அந்த இரண்டு நாளில்தான் நிஜமான ஆபத்தைச் சந்திக்கிறது. அதுவும் ஆள் நிறைந்த நிலையில்.

இப்படி வாடகை வாங்காமல், உறவுக்காகவும் நட்புக்காகவும் ஏற்றிச் செல்பவர் 'மூன்றாம் நபர்' ஆவாரா? பலமுறை நீதிமன்றம் ஏறிய கேள்வி இது. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனவரைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2006-இலும் 2008-இலும் சொன்னது: வெறும் சட்டப் பாலிசியாக இருந்தால் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை. காரில் பயணம் செய்தவர் விஷயத்தில் 2012 நவம்பரில் வந்த தீர்ப்பு இன்னும் தெளிவானது. 'ஆக்ட் பாலிசி' என்றால் வண்டிக்குள் இருப்பவருக்குக் கம்பெனி பொறுப்பாகாது. 'பேக்கேஜ்' அல்லது 'காம்ப்ரிஹென்சிவ்' பாலிசி என்றால் பொறுப்பாகும். எந்தப் பாலிசி என்று பார்த்து முடிவு செய்யுங்கள் என்று அந்த வழக்கைத் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முன்பே, 2009 நவம்பரில், இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் பேக்கேஜ் பாலிசியில் தனியார் காரின் பயணிகள் அடக்கம் என்று கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது.

நம்மவர்களில் பலர் பேக்கேஜ் பாலிசி என்றால் 'கீறல் விழுந்தால் பெயிண்ட் அடித்துக் கொடுப்பது' என்றுதான் நினைக்கிறார்கள். "ஒரு கீறலுக்காக வருஷா வருஷம் இவ்வளவு கட்டணுமா, நான் பார்த்து ஓட்டுவேன்" என்று தர்ட் பார்ட்டிக்கு இறங்கிவிடுகிறார்கள். பெயிண்ட்டை மட்டும் விட்டுக்கொடுப்பதாக அவர்கள் நினைப்பு. கூடவே பின்சீட்டில் இருக்கும் மனிதர்களையும் விட்டுக்கொடுத்தாகிவிட்டது என்பது தெரிவதில்லை.

நான் வேலையில் இருந்த காலத்தில் பார்த்த ஒரு கோப்பு. புனேக்கும் சாத்தாராவுக்கும் நடுவே கம்பாட்கி மலைப்பாதையில் ஒரு கார் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. ஓட்டியவர் வண்டியின் சொந்தக்காரர். அருகில் இருந்த அவருடைய தங்கை கணவர் அங்கேயே போய்விட்டார். எதிரே வேறு வண்டி கிடையாது; தவறு ஓட்டியவருடையது என்றே முடிவானது. பாலிசி, சட்டம் கேட்கிற அளவு மட்டும். கம்பெனியைத் தீர்ப்பாயம் விடுவித்துவிட்டது. முழுத் தொகைக்கும் பொறுப்பு வண்டிக்காரர் ஒருவரே. கோப்பின் முதல் பக்கத்தில் மனுதாரர் இடத்தில் தங்கையின் பெயரும் எதிர்மனுதாரர் இடத்தில் அண்ணனின் பெயரும் இருந்தன. பேக்கேஜ் பாலிசி இருந்திருந்தாலும் காகிதத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அது ஒரு சம்பிரதாயம், பணம் கட்டுவது கம்பெனி. இங்கே தங்கை ஜெயித்தால் அண்ணன் வீட்டை விற்க வேண்டும். ஜெயிக்காவிட்டால் இரண்டு பிள்ளைகளோடு அவள் நடுத்தெருவில். தீர்ப்பாயம் விதித்த தொகையைக் கட்டாவிட்டால், நிலவரி பாக்கியை வசூலிப்பது போலக் கலெக்டர் மூலம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு நல்லது கெட்டதில் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஓட்டுகிறவர் கதை வேறு. வண்டியின் சொந்தக்காரர் எந்தக் காலத்திலும் தன் பாலிசிக்கு மூன்றாம் நபர் ஆக முடியாது. அவருக்காகவே 'ஓனர்-டிரைவர்' தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. முன்பு காருக்கு 2 லட்சம்தான். சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் இது போதாது என்று சுட்டிக்காட்டியதை ஒட்டி, 2018-இல் 15 லட்சமாக ஆனது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் பணம். ஆஸ்பத்திரி பில்லுக்கு அல்ல. இதற்குச் சமமான விபத்துப் பாலிசி வேறு இருந்தால் இதை எடுக்க வேண்டியதில்லை என்று 2019 முதல் ஒரு சலுகை. கம்ப்யூட்டரில் பாலிசி புதுப்பிக்கிற நம் பையன்கள், சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, "எனக்கு வேறு பாலிசி உண்டு" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறார்கள். இல்லாததை உண்டு என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு மனைவி போய் எதைக் கேட்பாள்?

வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் பாடு இதைவிட மோசம். தம்பி, அண்ணன் காரை வாங்கிக்கொண்டு லோனாவாலா போகிறான், தானே எங்கோ இடித்து இறக்கிறான் என்றால், அவன் சொந்தக்காரர் இடத்தில் நிற்பவனாகவே கருதப்படுவான். மூன்றாம் நபர் ஆக மாட்டான். 2009-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. அந்த 15 லட்சமும் சொந்தக்காரருக்கு மட்டுமே உரியது. கார் சாவியை யாருக்கும் 'இந்தா' என்று தூக்கிக் கொடுக்கிற நம் பெருந்தன்மையைக் குறை சொல்லவில்லை. பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீடு என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். தலைக்கு 2 லட்சம் வரை. கட்டணம் சில நூறு ரூபாய்தான். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் அவருக்கான பொறுப்பையும் சேர்க்க வேண்டும்.

"தப்பு எதிர் வண்டி மேல் இருந்தால் அவன் இன்ஷூரன்ஸ் கொடுக்குமே?" என்பார்கள். கொடுக்கும், அவனுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால், அவன் யார் என்று தெரிந்தால். நடு இரவில் இடித்துவிட்டு லாரி நிற்காமல் போய்விட்டால் அரசுத் திட்டத்தில் கிடைப்பது, 2022 ஏப்ரல் 1 முதல் உயர்த்தப்பட்ட பிறகும், இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000.

மூன்று வருடம் கட்டியாச்சு!

தெரிந்தே குறைந்தபட்சப் பாலிசிக்கு வருபவர்கள் ஒரு வகை. தெரியாமலே வந்து சேருபவர்கள் இப்போது அதிகம். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகளைப் பற்றி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நம் ஊர்க்காரர் ஒருவர் நாட்டுக்கே செய்த நன்மை அது. அந்த வழக்கில் 2018 ஜூலையில் பிறந்த உத்தரவுப்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார் வாங்கும்போதே மூன்று வருடத்துக்குத் தர்ட் பார்ட்டி எடுத்தாக வேண்டும். வண்டிகள் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓடுவதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு.

ஆனால் ஷோரூமில் பெரும்பாலும் கொடுப்பது மூன்று வருடத் தர்ட் பார்ட்டியும், ஒரே ஒரு வருடச் சொந்தச் சேதக் காப்பீடும் சேர்ந்த பாலிசி. ஒரே தாளில் இரண்டு முடிவு தேதிகள். மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, வண்டியை எடுத்து வருகிற சந்தோஷத்தில் யார் இதைப் படிக்கிறார்கள்? முதல் வருடம் முடிந்ததும் பாதிப் பாலிசி சத்தமில்லாமல் செத்துவிடும். போலீஸ் நிறுத்தினாலும் காகிதம் செல்லும். ஆகவே எந்த எச்சரிக்கையும் வராது. இரண்டாம் வருடத்தில் வண்டி திருடுபோன பிறகுதான், "மூணு வருஷம் கட்டியாச்சே ஸார்" என்று ஓடி வருவார்கள். அந்தச் சொந்தச் சேதப் பகுதியை மட்டும் தனியாக, வேறு கம்பெனியிலும் எடுக்கலாம் என்று 2019 செப்டம்பர் முதல் வசதி இருக்கிறது. அப்படிப் பிரித்து எடுப்பவர்கள், தர்ட் பார்ட்டி தாளில் 'வண்டியில் பயணம் செய்வோர் உட்பட' என்ற பொருளில் வாசகம் இருக்கிறதா என்று கம்பெனியிடம் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பேக்கேஜ் பாலிசியின் பொறுப்புப் பகுதியில் அந்த வாசகம் இருக்கும். வெறும் ஆக்ட் பாலிசியில் 'சட்டத்துக்குத் தேவையான அளவுக்கு' என்றுதான் இருக்கும்.

இன்னொன்று: சொந்தச் சேதப் பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால், க்ளெய்ம் இல்லாததற்காக வருடாவருடம் சேர்ந்த 20 முதல் 50 சதவீதம் வரையான போனஸ் போய்விடும். மறுபடி எடுக்க வண்டியைப் பரிசோதிக்க வருவார்கள்.

வண்டி போனால்

திருட்டு, தீ, வெள்ளம், மரம் விழுதல் எதற்கும் குறைந்தபட்சப் பாலிசியில் பைசா வராது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை மும்பைவாசிகளுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. குர்லாவிலும் காலினாவிலும் கூரை மட்டும் தெரிய மிதந்த வண்டிகளை நாம் எல்லோரும் பார்த்தோம். 2015 டிசம்பரில் சென்னை அதையே பார்த்தது. அப்போது பேக்கேஜ் வைத்திருந்தவர்களிலும் சிலர் ஏமாந்தார்கள். தண்ணீர் புகுந்த வண்டியைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சினுக்குள் நீர் போய் அது உடைந்தால், வெள்ளத்தால் நேரே வந்த சேதம் அல்ல என்று கம்பெனி மறுக்கும். அதற்கென்று 'எஞ்சின் புரொடெக்ட்' என்று தனிச் சேர்க்கை உண்டு. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் குடியிருப்பவர்கள் அதை எடுக்கலாம்; மலை மேல் வீடு இருப்பவருக்கு எதற்கு? எப்படியானாலும் மூழ்கின வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்து வாருங்கள்.

மற்றவர் சொத்துக்கு நேரும் சேதத்துக்குக் கார் பாலிசியில் ஏழரை லட்சம் வரைதான் வரம்பு. பாந்த்ராவில் முன்னால் நிற்கிற வெளிநாட்டுக் காரின் பின்பக்கத்தை முத்தமிட்டால் அதற்கு மேலும் ஆகலாம் என்பதைச் சொல்லி வைக்கிறேன். அந்த மிச்சம் எந்தப் பாலிசியானாலும் நம் கையிலிருந்துதான்.

நம் சமூகத்தில் கார் கை மாறுவது அதிகம். ஒருவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால், "நம்ம ஆளுக்கே கொடுத்துட்டுப் போறேன்" என்று பக்கத்து ஃபிளாட்டுக்காரருக்கு விற்றுவிட்டு ஊருக்குப் போகிறார். பாலிசி பழைய பெயரிலேயே ஓடும். சட்டத்தின் 157-ஆவது பிரிவுப்படி, வண்டியோடு தர்ட் பார்ட்டிப் பொறுப்பு தானாகவே புதியவருக்கு வந்துவிடும். சொந்தச் சேதப் பகுதி அப்படி வராது. 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. வாங்கியவர் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் முழுப் பாலிசிக்குப் பணம் கட்டப்பட்டிருந்தும் அவர் கையில் இருப்பது குறைந்தபட்சப் பாலிசிதான். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து 12 மாதத்துக்கு மேல் ஆகி நம்பர் மாற்றுகிறவர்களும் புது நம்பரைப் பாலிசியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பாலிசி என்னவோ இந்தியா முழுவதும் செல்லும். நம்பர் பொருந்தாவிட்டால் க்ளெய்ம் நேரத்தில் அலைச்சல் நம்முடையது.

அப்படியானால் குறைந்தபட்சப் பாலிசி யாருக்குமே சரிவராதா? சரிவரும். பன்னிரண்டு வருடப் பழைய மாருதி. விற்றால் ஐம்பதாயிரம் தேறினால் அதிகம். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் சொந்தக்காரர் மட்டும் ஓட்டிப் போகிறார். அவருக்கு அது போதும். ஓனர்-டிரைவர் காப்பீடு மட்டும் இருக்கட்டும். ஆனால் அதே பழைய வண்டியில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர் வேறு கணக்குப் போட வேண்டும். சொந்தச் சேதப் பிரீமியம் வண்டியின் மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை வைத்துக் கணக்கிடப்படுகிறது. புது வண்டி ஐந்து வருடம் முடியும்போது விலையில் பாதிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு நாமும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்கிற மதிப்பு. வண்டி பழசாகப் பழசாக மதிப்புக் குறையும், பிரீமியமும் குறையும். ஆனால் பின்சீட்டில் இருப்பவருக்கான பொறுப்பு ஒரு ரூபாய்கூடக் குறையாது. "இந்த டப்பா வண்டிக்கு எதற்கு ஃபுல் இன்ஷூரன்ஸ்" என்று கேட்கிறார்கள். டப்பாவுக்கு வேண்டாம்தான், உள்ளே இருப்பவர்களுக்காகக் கேளுங்கள் என்பேன். சில கம்பெனிகள் பழைய வண்டி என்றால் தயங்கும், பரிசோதனை கேட்கும், கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றும். நாலு இடத்தில் விசாரித்தால் ஒருவராவது கொடுப்பார்.

பாலிசித் தாளை எடுத்ததும் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. மேலே தலைப்பில் 'லயபிலிட்டி ஒன்லி' என்று இருக்கிறதா, 'பேக்கேஜ்' என்று இருக்கிறதா என்பது ஒன்று. சொந்தச் சேதத்துக்கும் தர்ட் பார்ட்டிக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கும் முடிவு தேதிகள் இரண்டாவது. பிரீமியக் கட்டத்தில் ஓனர்-டிரைவர், பயணிகள், டிரைவர் என்ற வரிகளுக்கு எதிரே தொகை இருக்கிறதா, கோடு போட்டிருக்கிறதா என்பது மூன்றாவது. எழுத்து மிகப் பொடியாக இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க நூலகத்தில்தான் இருப்பேன். தாளைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.